பாதி வாய் காய்ந்தவள்

அத்தியாயம் 5

"அரிசியை மென்னு துப்பினா திருடி யாருன்னு தெரிஞ்சிடும்னா, ஊருக்கு எதுக்குக்கா போலீஸ் ஸ்டேஷன்? ரேஷன் கடை போதுமே!"

ஷாகுல் ஆட்டோவைக் கேம்ப் ரோடு முனையில் திருப்பிக்கொண்டே கேட்டான். பின்சீட்டில் சாராள் சிரிக்கவில்லை. அவனுடைய பத்து ஜோக்குகளில் ஒன்றுக்குத்தான் அவள் சிரிப்பாள். அதுவும் மறுநாள்.

சாராள் மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருப்பவள். அதற்கு முன் மகளிர் காவல் நிலையத்தில் ஏட்டு. குற்றவாளி யார் என்பதை விசாரணைக்கு முன்பே முடிவு செய்துவிடும் அதிகாரிகளோடு ஒத்துப்போக முடியாமல் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவள். ஷாகுல் அவளுடைய உதவியாளன், ஓட்டுநர், அலுவலகத்தின் ஒரே வாகனமான அந்த ஆட்டோவின் சொந்தக்காரன். அதனால் அவனை வேலையிலிருந்து நிறுத்தவும் வழியில்லை.

"சிரிக்கக் கூடாத விஷயத்துக்கெல்லாம் சிரிப்பு வருதுடா உனக்கு. சாயங்காலம் எஸ்.ஐ. வந்து அந்தப் பொம்பளையக் கூட்டிட்டுப் போயிடுவார். அதுக்குள்ள ஏதாவது கிடைக்கணும்."

கேட்டால் சிரிக்கத்தான் தோன்றும். 2006 மார்கழி. ராஜகீழ்ப்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அங்கே ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் சந்திரமௌலியின் வீட்டில் பரம்பரைக் காசுமாலை காணாமல் போய்விட்டது. மகன் ராகவேந்திராவுக்குத் தை மாதம் கல்யாணம். சம்பந்தி வீட்டுப் பெண்கள் நகை பார்க்க வந்த அன்று பீரோவைத் திறந்தால் வெல்வெட் பெட்டி மட்டும் இருந்தது. சந்திரமௌலி போலீசுக்கும் போனார், போலீஸை நம்பாமல் சாராளிடமும் வந்தார்.

இடையில் குடியிருப்போர் சங்கம் தானே ஒரு விசாரணை நடத்திவிட்டது. பல்லாவரம் பக்கம் ஒரு தர்காவில் ஓதிய பச்சரிசி வந்தது. வேலைக்காரப் பெண்கள் அத்தனை பேரையும் கார் நிறுத்துமிடத்தில் வரிசையாக நிற்க வைத்து ஆளுக்கு ஒரு பிடி மெல்லச் சொன்னார்கள். திருடியவள் வாயில் எச்சில் ஊறாது, அரிசி காய்ந்தபடியே வரும் என்பது கணக்கு. மற்றவர்கள் துப்பியது கூழ். எல்லம்மா துப்பியது மாவு. முடிந்தது கதை.

அந்தக் குடியிருப்பில் வங்கி மேலாளர் இருக்கிறார், பேராசிரியர்கள் இருக்கிறார்கள், அணு விஞ்ஞானிகூட ஒருவர் இருக்கிறார். வீட்டுக்காரர்களும் ஒரு பிடி மென்றால் என்ன என்று ஒரு வாய்கூடக் கேட்கவில்லை. படிப்பு என்னத்துக்கு ஆகும் என்று எரிச்சல் வருகிறதா இல்லையா?

"எங்க தெருவுல எவனையாவது மெல்லச் சொல்லு பாக்கலாம். வாப்பாவே செருப்பக் கழட்டுவாரு," என்றான் ஷாகுல். "இவங்கோ அம்மாம் தூரம் போயி ஓதி வாங்கியாந்து மெல்ல வெச்சிருக்காங்கோ."

எல்லம்மா வாட்ச்மேன் அறைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். புருஷன் இல்லை. பன்னிரண்டாவது படிக்கும் ஒரு பெண் இருக்கிறாள். இதே குடியிருப்பில் சந்திரமௌலி வீட்டையும் சேர்த்து ஆறு வீடுகளில் வேலை. எஸ்.ஐ. வரும்வரை எங்கும் போகக் கூடாது என்று சங்கச் செயலாளர் ஸ்ரீரங்கன் உத்தரவு போட்டிருந்தார். காலையிலிருந்து அங்கேயே இருக்கிறாள்.

"எதிர்ல டீக்கடை வரைக்கும்தான். தூக்கிட்டு ஓடிட மாட்டோம். வேணும்னா என் ஆட்டோவ அடமானமா வெச்சுக்கோ," என்று வாட்ச்மேனிடம் சொல்லி ஷாகுல் அவளை அழைத்து வந்தான்.

"நான் எடுக்கலம்மா," என்றாள் எல்லம்மா உட்கார்ந்ததும். "எடுத்துருந்தா கேட்டாண்டயே குந்திகினு இருப்பனா?"

சாராள் மூன்று டீயும் பொறையும் சொன்னாள். எல்லம்மா பொறையைத் தள்ளி வைத்தாள்.

"டீ போதும்மா. வறவறன்னு இன்னா துன்னாலும் எறங்க மாட்டேங்குது."

"நனைச்சுச் சாப்பிடு. காலையிலேருந்து பட்டினி."

அவள் நனைத்துத்தான் சாப்பிட்டாள். ஆனால் வலப்பக்கமாகவே மென்றாள். டீ குடிக்கும்போது இடது கடைவாயில் கொஞ்சம் வழிந்தது, சட்டென்று முந்தானையால் துடைத்துக்கொண்டாள். சாராள் பேசும்போதெல்லாம் வலது காதைக் காட்டித் திரும்பினாள். சாராள் தன் தட்டிலிருந்து ஒரு காய்ந்த துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

"இதை நனைக்காம மெல்லு. ரெண்டு பக்கமும் மெல்லணும். விழுங்காதே."

"இன்னாம்மா நீயுமா?"

"நான் உன்னைப் பிடிக்கறதுக்காகச் சொல்லலை. மெல்லு."

எல்லம்மா மென்றாள். சாராள் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். வலப்பக்கம் இருந்தது ஈரமாகக் குழைந்திருந்தது. இடது பக்கம் நாக்குக்கும் பல்லுக்கும் நடுவே தூள் தூளாகவே ஒட்டிக்கொண்டிருந்தது. அடுத்து டீக்கடைக்காரரிடம் ஒரு சிட்டிகை சர்க்கரை வாங்கி அவள் நாக்கின் இடது ஓரத்தில் வைத்தாள்.

"என்ன ருசி?"

எல்லம்மா யோசித்தாள். "மணலாம்மா?"

ஷாகுல் டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

"பயந்தா வாய் காயும், அது வாஸ்தவம்தான்," என்றாள் சாராள். "ஆனா முழு வாயும் காயும். பாதி வாய் மட்டும் எப்படிடா பயப்படும்?"

"பாதி மாலைதான் எடுத்திருக்கும்," என்றான் ஷாகுல். யாரும் சிரிக்காததால் அவனே தொடர்ந்தான். "சரி சரி. ஏம்மா, இது எப்பலேருந்து கீது?"

"கொஞ்ச நாளா. பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டேன். வூட்லதான்."

"எல்லம்மாக்கா, காலைல உன் பொண்ணாண்ட பேசலாம்னு இரும்புலியூர்ல உங்க வூட்டுக்கு நான் போய்ட்டு வந்துட்டேன். நீங்கோ குளிக்கிற எடம் நாலு தென்னங்கீத்து. கீழ மணலு. மணல்ல எப்படிக்கா வழுக்குவே?"

அவள் தலையை நிமிர்த்தி எதிரே மாடி வீடுகளைப் பார்த்தாள். பிறகு டீயைப் பார்த்தாள்.

"என்னை உட்டுடும்மா," என்று மட்டும் சொன்னாள்.

வாட்ச்மேன் திட்டிக்கொண்டிருக்கும்போதே ஆட்டோ எல்லம்மாவையும் ஏற்றிக்கொண்டு சேலையூர் நோக்கிக் கிளம்பியது.

காது மூக்கு தொண்டை மருத்துவர் வேதசிரோமணி சாராளுக்குச் சர்ச்சில் பழக்கம். எழுபதை நெருங்கிவிட்டவர். கோபம் மட்டும் இளமையாகவே இருந்தது. எல்லம்மாவின் இடது காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார், காதுக்குப் பின்னால் எலும்பைத் தொட்டுப் பார்த்தார், கண்ணை இறுக மூடச் சொன்னார். இடது கண் முழுதாக மூடவில்லை. சிரிக்கச் சொன்னார். சிரிப்பு வலப்பக்கமே நின்றுவிட்டது.

"அடுத்த பேஷன்ட் வெயிட் பண்றாங்க, சுருக்கமா சொல்றேன்," என்றார். "முகத்துக்குப் போற நரம்பு காதுக்குப் பின்னாடி எலும்புக்குள்ள புகுந்து வருது. அதுலேருந்து நூல் மாதிரி ஒரு கிளை பிரிஞ்சு, செவிப்பறைக்குப் பின்னாலேயே குறுக்கே போய், நாக்குக்கும் தாடைக்கும் அடியில இருக்கிற எச்சில் சுரப்பிகளுக்குப் போகுது. ஊறுன்னு உத்தரவு போடறது அந்த நூல்தான். நாக்கோட முன்பக்கத்து ருசியும் அது வழியாத்தான் போகுது. அந்த நூல் போச்சுன்னா அந்தப் பக்கத்துச் சுரப்பி சும்மா உட்கார்ந்திருக்கும்."

"அப்போ அந்தப் பக்கம் சுத்தமா எச்சிலே வராதா, டாக்டர்?"

"கன்னத்துல பெரிய சுரப்பி ஒண்ணு இருக்கு. அதுக்கு வேற நரம்பு. அதனால சாப்பிடும்போது கொஞ்சம் சமாளிச்சுக்கலாம். ஆனா சும்மா இருக்கும்போது வாயை நனைச்சு வைக்கறது பெரும்பாலும் அடித்தாடைச் சுரப்பிதான். அதுல பாதி போயிடுச்சு. மிச்சம் இருக்கிறதையும் பயம் வத்த வெச்சிடும். அந்த நேரம் பார்த்து பச்சரிசியைக் குடுத்தா?" அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "மெல்லச் சொன்னவங்க படிச்சவங்களா?"

"பேராசிரியர்லாம் இருக்காரு சார்," என்றான் ஷாகுல்.

"என்ன பாடம்?"

"விலங்கியல்."

மருத்துவர் சிரித்தார். கேட்க நன்றாக இல்லாத சிரிப்பு அது.

"கீழே விழுந்தா இப்படி ஆகுமா?" என்று கேட்டாள் சாராள்.

"விழுந்தா மேல சிராய்ப்பு இருக்கும், காயம் இருக்கும். இங்கே செவிப்பறை கிழிஞ்சு இப்போதான் கூடிட்டு வருது, மேல் தோல்ல ஒரு கீறல் இல்லை. உள்ளங்கையால காதைச் சேர்த்து ஓங்கி அறைஞ்சா இப்படிக் கிழியும். அறைஞ்ச வேகத்துல தலை எதுலயோ மோதியிருக்கு, எலும்பைத் தொட்டா வலிக்குது. ஸ்கேன் எடுத்தா விரிசல் தெரியலாம். இது விழுந்தது இல்லை சாராள். வாங்கினது. ஒரு மாசத்துக்குள்ள."

எல்லம்மா மெல்லக் கேட்டாள். "மறுபடி ஊறுங்களா, டாக்டரய்யா? புளி வெச்சாக்கூட இந்தப் பக்கம் தெரியலீங்க."

"முகம் கொஞ்சம் கொஞ்சமா நேராகும். அன்னைக்கே வந்திருந்தா இன்னும் நல்லா ஆகியிருக்கும். எச்சிலும் ருசியும்..." அவர் கையை விரித்தார். "நரம்பு அறுந்திருந்தா வாக்கு குடுக்க முடியாதும்மா."

வெளியே வந்ததும் சாராள் அவள் தோளைப் பிடித்து நிறுத்தினாள். "யார் அடிச்சது?"

"சத்தியம் பண்ணிக் குடுத்துட்டேம்மா."

"யாருக்கு?"

"கேக்காதம்மா. என்னை உட்டுடு."

அவளிடமிருந்து அதற்கு மேல் ஒரு சொல் பெயரவில்லை. நேர் எதிரே நின்று வலது கையால் ஓங்கினால் அடி இடது காதில்தான் விழும், ஊரில் பாதிப் பேருக்கு மேல் வலது கைக்காரர்கள்தான். அடித்தவனை அதை வைத்துப் பிடிக்க முடியாது. ஆனால் அடி வாங்கியவள் அடித்தவனைக் காப்பாற்றுகிறாள் என்றால், அவள் சோறு அந்த இடத்தில் இருக்கிறது. அந்த ஆறு வீடுகளில் மாலை காணாமல் போனது ஒன்றில்தான்; சாராளுக்கு அது போதுமானதாக இருந்தது.

சந்திரமௌலியின் வீட்டுக் கூடத்தில் அவரும், மனைவி அபிதகுஜாம்பாளும், செயலாளர் ஸ்ரீரங்கனும் இருந்தார்கள். மகன் ராகவேந்திரா அலுவலகத்தில். எல்லம்மா வாசற்படிக்கு வெளியே நின்றாள். சாராள் உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

அபிதா மாமி எல்லோருக்கும் காபி கொடுத்தாள். ஷாகுலுக்கு மட்டும் காகிதக் கப்பில் வந்தது. அவன் அதைத் தூக்கிப் பார்த்து, "ஸ்பெஷல் மரியாதை," என்றான்.

"எல்லம்மா இங்கே எத்தனை வருஷமா வேலை செய்யறா, மாமி?"

"ஒன்பது வருஷம். அவளை நான் வேலைக்காரி மாதிரியா நடத்தினேன்? அவளையே கேளுங்கோ." மாமி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "மூணு வாரமா அவளுக்கு வெறும் சாதம் தொண்டையில இறங்கலே. பார்க்கவே பாவமா இருந்தது. நித்தம் ஒரு சொம்பு மோர் கரைச்சு சாதத்துல விட்டுக் கொடுத்தேன். எந்த வீட்டுல இப்படிப் பார்த்துப்பா, சொல்லுங்கோ? அதுக்குப் பலன்தான் இது."

சாராள் காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"பெரிய மனசு மாமி உங்களுக்கு. ஸ்ரீரங்கன் சார், அரிசி மெல்லச் சொல்லலாம்ங்கறது யாரோட யோசனை?"

"மாமிதான் சொன்னாங்க. அரிசியும் அவங்கதான் ஆள் அனுப்பி வாங்கிட்டு வந்தாங்க. நான் ஆனா சங்கத்துல முறைப்படி தீர்மானமா வெச்சு, எல்லாரையும் கை தூக்கச் சொல்லி..."

"ஜனநாயகம்," என்றான் ஷாகுல், காபியை உறிஞ்சிக்கொண்டே.

"வடிச்ச சாதமே மோர் இல்லாம இறங்காதுன்னு மூணு வாரமாப் பார்த்துட்டிருக்கீங்க," என்றாள் சாராள் மாமியைப் பார்த்து. "அவ வாயில பச்சரிசி மட்டும் ஊறும்னு எப்படி நினைச்சீங்க? இந்தக் கட்டடத்துலேயே அவ வாய் காய்ஞ்சிருக்குன்னு தெரிஞ்சவங்க நீங்க ஒருத்தர்தான். அரிசி கொண்டு வந்ததும் நீங்க ஒருத்தர்தான்."

மாமி டம்ளர்களை எடுத்துத் தட்டில் அடுக்கினாள்.

"எனக்கு... எனக்கு அதெல்லாம் தோணலே," என்றாள் கடைசியில்.

"அவ வாய் காய்ஞ்சது பயத்தால இல்லை. காதுல விழுந்த ஒரு அறையால. டாக்டர்கிட்டேருந்து நேரா வர்றோம்." சாராள் சந்திரமௌலியின் பக்கம் திரும்பினாள். "சார், மூணு வாரத்துக்கு முன்னாடி இந்த வீட்டுல ஏதாவது நடந்ததா?"

சந்திரமௌலி முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பையன்களின் பொய்யைக் கண்டுபிடித்தவர். தன் வீட்டில் கண்டுபிடிக்க இவ்வளவு நேரம் ஆகியிருக்கிறது. அவர் மனைவியையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"அன்னிக்கு நான் பென்ஷன் ஆபீஸ் போயிட்டு வந்தேன். எல்லம்மா பீரோ பக்கத்துல தரையில படுத்திருந்தா. வெயில் மயக்கம்னு சொன்னே. கார்த்திகை மாசத்துல என்னடி வெயில்னு நினைச்சேன். கேக்கலே." பார்வையைச் சுவரில் இருந்த மகனின் படத்துக்குத் திருப்பினார். "ரகு அன்னிக்கு ஆபீசுக்கு லீவு."

மாமி நாற்காலியில் உட்கார்ந்தாள். அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

"ஆமா. அவன்தான் எடுத்தான். ஷேர் மார்க்கெட்ல எதையோ தொலைச்சுட்டு வந்து நின்னான். இவ தரை துடைக்க வந்தவ பார்த்துட்டா, என்ன தம்பி பண்றேன்னு கேட்டா. அறைஞ்சுட்டான். நான் அவ கையைப் பிடிச்சுண்டு கெஞ்சினேன், யார்கிட்டயும் சொல்லாதேன்னு. சொல்ல மாட்டேன்னா. சொன்ன சொல்லைக் காப்பாத்தவும் செஞ்சா. நீங்கதான் எனக்குத் தெரியாம போலீசுக்குப் போயிட்டேள்." புருஷனைப் பார்த்துச் சீறினாள். "போலீஸ் வந்தா யாரையாவது பிடிக்காம போவாளா? நான் என்ன பண்ணட்டும்? அவளுக்கு இந்த வீடு இல்லேன்னா இன்னொரு வீடு. என் பிள்ளைக்கு இருக்கிறது ஒரு பேர்தானே!"

வாசலில் எல்லம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "மாமீ, நீயா? அரிசி கொண்டாந்தது நீயா?" என்றாள். மாமி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

சந்திரமௌலியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எஸ்.ஐ. வந்தபோது நகை வீட்டிலேயே கிடைத்துவிட்டது என்று சொல்லி முடித்துக்கொள்ளலாம் என்றுதான் ஸ்ரீரங்கன் காதைக் கடித்தார். மனிதர் கேட்கவில்லை. எந்தக் கார் நிறுத்துமிடத்தில் மெல்ல வைத்தார்களோ அங்கேயே எல்லோரையும் வரச் சொன்னார். "எல்லம்மா எடுக்கலை. என் பிள்ளை எடுத்தான். அவளை அடிச்சதும் அவன்தான்," என்று தரையைப் பார்த்தபடி சொல்லிவிட்டு, எஸ்.ஐ.யோடு மகனின் அலுவலகத்துக்குப் புறப்பட்டுப் போனார்.

சாராளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இப்படி ஒரு நாள் கிடைக்கத்தானே காக்கிச் சட்டையைக் கழற்றிவிட்டு வந்தாள்! ஷாகுல்கூட, "அக்கா, இன்னிக்கு பிரியாணி நம்ம கணக்கு," என்றான்.

கூட்டம் கலையவில்லை. எல்லம்மா மெதுவாக நடுவில் வந்தாள். மாமி வீடு போனது போகட்டும், இன்னும் ஐந்து வீடு இருக்கிறது.

"அப்ப நாளைக்குக் காலைல வழக்கம் போல வரட்டுங்களாம்மா?"

முதல் மாடி அம்மாள் கைப்பேசியை எடுத்துப் பார்த்தாள். "இல்லை எல்லம்மா, நாங்க வாஷிங் மெஷின் வாங்கப் போறோம்." பேராசிரியர் வீட்டு அம்மாள் மகளைப் பார்க்க பெங்களூர் போகப்போவதாகச் சொன்னாள். மூன்றாவது வீட்டில் மாமியாரைக் கேட்க வேண்டும் என்றார்கள். மற்ற இரண்டு பேர் எதுவும் சொல்லாமலே லிஃப்டுக்குள் போய்விட்டார்கள்.

சாராள் ஸ்ரீரங்கனை மறித்தாள். "என்ன சார் இது? அவ திருடி இல்லைன்னு இப்போதானே சொன்னார்?"

"திருடின்னு யாரும் சொல்லலையே மேடம். ஆனா பாருங்க, ஒரு நல்ல குடும்பம் இன்னிக்கு சந்தி சிரிச்சுப் போச்சு. எல்லார் வீட்டுலயும் ஏதாவது இருக்கும். பார்த்துட்டு வெளியில சொல்ற ஆளை எப்படி உள்ளே விடறது?"

"அவ ஒரு வார்த்தை சொல்லலை சார்! சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு வாயே திறக்கலை. சொன்னது நான்!"

"நீங்க நாளைக்கு வேற கேஸுக்குப் போயிடுவீங்க. அவதானே இங்கே இருப்பா," என்றார் ஸ்ரீரங்கன். கெட்ட மனிதர் இல்லை. நியாயம் பேசுவதாகவே நினைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினார்.

எல்லம்மா கேட்டுக்கு வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். ஷாகுல் ஆட்டோவை அவள் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினான். "ஏறுக்கா, வூட்டாண்ட எறக்கி உட்டுடறேன்."

அவள் ஏறவில்லை.

"எல்லம்மா, வேற இடத்துல நான் வேலை பார்த்துத் தர்றேன்," என்றாள் சாராள். "செம்பாக்கத்துல எனக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க. உன்னை ஜெயில்ல போட விட்டிருக்கணுமா, சொல்லு? உன் பேரைக் காப்பாத்தணும்னுதான்..."

"தெரியும்மா. நீ நல்லவதான்." எல்லம்மா முந்தானையால் இடது கடைவாயைத் துடைத்துக்கொண்டாள். "டீக்கடக்காரன கேட்டே, டாக்டர கேட்டே, மாமிய கேட்டே, அய்யர கேட்டே. சொல்லட்டுமான்னு என்னாண்ட மட்டும் ஒரு வார்த்த கேக்கலியேம்மா."

அவள் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.